வாய் திறக்காமல் வேளாங்கண்ணிக்கு

நேர்ந்துகொண்டது என் மனைவி, மிதித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும், நான் ஏதோ பெரிய பக்தியில் கிளம்பிப் போய் நாலாம் நாள் கால் வலிக்கிறதென்று திரும்பி வந்தவன் மாதிரிதான் சொல்கிறார்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை தொடங்கிவிட்டால் மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்கு நடுவில் குழி விழும், தொண்டைக்குள் யாரோ விசில் ஊதுவது போலச் சத்தம் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மழைக்காலத்தில் ஐந்து தடவை ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஐந்தாவது தடவை, பிள்ளையின் முகத்தில் மருந்துப் புகை மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே, என் மனைவி வேளாங்கண்ணி மாதாவிடம் பேசி முடித்திருக்கிறாள். என்னிடம் சொன்னது ஒரு வாரம் கழித்து, சோறு போடும்போது.

"அடுத்த மழைக்கு புள்ள ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு வேண்டிகினேன்."

"சரி."

"அப்டி நடந்துச்சுன்னா நீ சைக்கிள்லயே வேளாங்கண்ணி வருவேன்னு சொல்லிகீறேன். கையில ஒத்த பைசா வெச்சுக்காம. யார் கிட்டயும் வாயத் தொறந்து இது குடு அது குடுன்னு கேக்காம. அவங்களா குடுத்தா துன்னணும். குடுக்கலன்னா இல்ல."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"புள்ளைக்கு மூச்சு முட்டிகினு கீது. உன்ன எங்க போய் கேக்கறது? நீ சாரத்து மேல ஏறிகினு இருந்த."

அது உண்மைதான். அதனால்தான் அதிகமாகக் கோபம் வந்தது. நான் பெயின்டிங் கான்ட்ராக்டில் கூலிக்குப் போகிறவன். பன்னிரண்டு வருஷமாக எண்ணூர் ரோட்டில் ஒரே கெமிக்கல் கம்பெனிக்குள்தான் வேலை. குழாய்களில் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். கடைசிக் குழாய் முடிவதற்குள் முதல் குழாய் மறுபடி துரு ஏறியிருக்கும், கடல்காற்று அப்படி. மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து தடவையில் நாலு தடவை நான் அந்தக் குழாய்களோடுதான் இருந்தேன்.

அடுத்த மழைக்காலம் வந்தது, போனது. பிள்ளை ஒருநாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை இழுப்பு மருந்துப் பம்ப்பை வாயில் அடித்துச் சமாளித்தோம். பொங்கல் முடிந்ததும் என் மனைவி காலண்டரில் மாதா திருவிழா வரும் ஆவணி மாதத்தைப் புரட்டிப் பார்த்தாள். நான் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் நல்ல மனுஷன். ஒருவர் நேர்ச்சை இன்னொருவரைக் கட்டாது, வேண்டுமானால் அதை மாற்றிக் கொடுக்கிறேன், ஐம்பத்து மூன்று மணிகளின் ஜெபமாலையும் ஒரு பூசையும் போதும் என்றார். ஓடி வந்து சொன்னேன்.

"ஃபாதருக்கு புள்ள இருந்தா தெரியும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிளம்புகிற அன்று விடியற்காலை போலீஸ்காரன் மாதிரி என் பாக்கெட்டுகளைத் தடவிப் பார்த்தாள். காற்றடிக்கிற பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஒரு டியூப் இவற்றுக்கு அனுமதி கிடைத்தது. போனுக்கும் அனுமதி. ஆனால் எங்காவது சார்ஜ் போட வேண்டுமென்றால் கேட்டாக வேண்டுமே, அது கூடாது. ஆகவே போனை அணைத்து வைத்துக்கொண்டு காலையில் ஒரு தடவை மட்டும் திறந்து வீட்டுக்குப் பேசுவது என்று முடிவானது. காவி வேட்டி, காவிச் சட்டை, ஹேண்டில்பாரில் மாதா படம். கூட்டமாகப் போகிறவர்களோடு சேரவும் வழியில்லை, அவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு வண்டியில் சமையல்காரரோடு போகிறார்கள். நான் தனியாக மிதித்தேன்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அந்த மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள்தான். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பந்தல், மோர், தண்ணீர்ப் பாக்கெட், தக்காளி சாதம். "மரியே வாழ்க" என்று கத்திக்கொண்டு கையில் திணிக்கிறார்கள். மாதா பார்த்துக்கொள்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மாமல்லபுரம் தாண்டி ஒரு கார் என்னை முந்திப் போய் நின்றது. புருஷன், பெண்டாட்டி, கையில் போனோடு ஒரு தங்கச்சி. வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வாங்கிக் கும்பிட்டேன்.

"அண்ணா, ஒரு நிமிஷம். அதைத் திருப்பிக் குடுங்க" என்றாள் அந்தத் தங்கச்சி.

எனக்குப் புரியவில்லை.

"வீடியோ சரியா வரல. இன்னொரு தடவ வாங்குங்க. கொஞ்சம் வெயில் பக்கமா நில்லுங்க."

கொடுத்தேன். மறுபடி வாங்கினேன். மூன்றாவது தடவை, முகத்தைத் துடைக்காமல் வேர்வையோடு நிற்கச் சொன்னாள். பசி இல்லையென்றால் அந்தச் சீப்பை அங்கேயே ரோட்டோரம் வைத்துவிட்டுப் போயிருப்பேன். பசி இருந்தது. பழத்தைத் தின்றேன், திட்டிக்கொண்டே தின்றேன். அந்தப் பாவத்தை அப்புறம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர்கள் சொன்னார்களா தெரியாது.

இரண்டாம் நாள் புதுச்சேரி தாண்டி ஒரு மாதா கோயில் மண்டபத்தில் பயணிகளுக்கு மத்தியானச் சாப்பாடு. வாசலில் ஒருவர் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். டோக்கன் எங்கே தருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்கக் கூடாது. வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். சாம்பார் வாசனை குடலைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு பந்தி எழுந்து போய்விட்டது. அந்த வாசல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் பக்கத்தில் வந்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

ஊர் பேரைச் சொல்வது கேட்பதாகுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, இவரு வாய் பேச முடியாதவரு போலருக்கு. ஒரு இலை போடுங்க, பாவம்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஊமையாகவே உட்கார்ந்து சாப்பிட்டேன். பரிமாறின அம்மா என் காது பக்கம் குனிந்து, கையால் சைகை காட்டி, "ரசம், ரசம்" என்று பெரிய சத்தத்தில் சொன்னாள். தலையை ஆட்டினேன். நாற்பத்தேழு வயதில், பிள்ளையைக் காப்பாற்றிய மாதாவுக்கு நன்றி சொல்லப் போகிற வழியில், ஒரு கோயில் மண்டபத்தில் பொய் நாக்கோடு சோறு தின்றேன். அன்று பிற்பகல் கடலூர் வரைக்கும் என் மனைவியை மனசுக்குள் திட்டிக்கொண்டே மிதித்தேன். திட்டினால் பெடல் லேசாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் அந்தத் தப்பு நடந்தது, அதை நான் தப்பு என்றே நினைக்கவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பந்தல்கள் குறைந்துபோயின. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. வெயிலில் பின்சக்கரம் பஞ்சர். ரோட்டோரம் உட்கார்ந்து டியூபைக் கழற்றி, எச்சில் தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்கலாமென்றால் வாயில் எச்சில் இல்லை. ஒட்டி முடித்து எழுந்தபோது கண்ணைக் கட்டியது. எதிரே ஒரு வீட்டு வாசல் குழாயில் ஒரு அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன்.

அவ்வளவுதான். சொம்பை அலம்பித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். குடித்தேன். அன்று இரவு சிதம்பரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகப் படுத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீர் எனக்கு ஞாபகம்கூட இல்லை.

நாலாம் நாள் காலை கொள்ளிடம் பாலம் தாண்டி போனைத் திறந்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்னால் அது அடித்தது.

"நேத்து சாயங்காலத்துலருந்து உன்ன கூப்டுகினே கீறேன்" என்றாள் என் மனைவி. "புள்ளைய சேத்துகீது. மூணு தபா மருந்து வெச்சும் நிக்கல. ஆக்சிஜன் போட்டுகிறாங்க."

நான் சைக்கிளோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆனால் அவள் அடுத்துக் கேட்டதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நீ எங்க வாயத் தொறந்த? உண்மைய சொல்லு. எங்கியோ கேட்டுகீற நீ."

பொய் சொல்லியிருக்கலாம். ஆக்சிஜன் போட்டிருக்கிற பிள்ளையின் பேரில் பொய் வரவில்லை. "தண்ணி கேட்டேன். ஒரு சொம்பு தண்ணி."



"தண்ணி. ஒரு சொம்பு தண்ணிக்கு எம்புள்ளைய..." என்றாள். பிறகு ஏதோ தள்ளுமுள்ளு. பக்கத்து வீட்டுத் தங்கச்சி போனைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

"அண்ணே, அண்ணி சொல்றத காதுல போட்டுக்காத. நேத்து மத்தியானத்துலருந்து ஏரியா ஃபுல்லா கலீஜ் வாடை. கண்ணுல்லாம் எரிஞ்சுச்சு. உன் கம்பெனி பக்கத்துலருந்துதான் வந்துச்சு. எம்பையனும் இங்கதான் படுத்துகினுகீறான். நம்ம தெருவுல மட்டும் மூணு புள்ளைங்க, தெரியுமா?"

மறுபடி என் மனைவி. "இன்னும் கொஞ்ச தூரம்தான கீது. போய் அம்மா கால்ல வுழு. பாதியில திரும்பி வந்தன்னா புள்ள என்னுது, உனக்கு இல்ல."

போன் அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லை.

நான் தெற்கு நோக்கித்தான் மிதித்தேன். பயந்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சொம்பு தண்ணீருக்காக மாதா பிள்ளையின் மூச்சைப் பிடித்துவிடுவாள் என்று நானும் ஒரு அரை மணி நேரம் நம்பினேன். நம்பியதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது. மிதித்துக்கொண்டே ஜெபமாலை சொன்னேன். மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் கர்த்தர் கற்பித்த ஜெபம் வரும். அதில் அன்றாட உணவுக்கான இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. அது என்ன, கேட்பதுதானே? தினமும் காலையிலும் சாயங்காலமும், வாய் விட்டு, சத்தமாக, எங்களுக்குத் தாரும் என்று கேட்கிறோமே. கேட்கத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறார். கேட்டால் கோபித்துக்கொள்கிற அம்மா எந்த ஊர் அம்மா?

சீர்காழி தாண்டிச் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரில் இருந்த படத்தைப் பார்த்து உரக்கவே பேசினேன். ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். "உனக்குத் தெரியும்ல அது எதுனாலன்னு. அந்தக் குழாய்க்கு பெயின்ட் அடிச்சவன் நான். எந்தெந்த இடத்துல ஒழுகுதுன்னு என் கைக்கே தெரியும். மேஸ்திரி கிட்ட சொன்னா, அதுக்கு மேலயே அடிச்சுட்டு போய்க்கினே இரு மாமுன்னுவான். அடிச்சுட்டு வந்தேன். சாயங்காலம் கூலிய வாங்கிகினு, அரிசியும் புள்ளைக்கு மருந்தும் வாங்கிகினு போனேன்."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. கேட்காமல் இருப்பது எனக்கு நாலு நாள் நேர்ச்சை இல்லை. பன்னிரண்டு வருஷமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். எங்கள் தெருவே அப்படித்தான் இருக்கிறது. வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொள்வோம், காலையில் சாம்பல் படிந்த துணியை மறுபடி அலசிப் போடுவோம். ஏன் என்று ஒருவர் வாய் திறந்ததில்லை. திறந்தால் நாளைக்குச் சோறு இல்லை. அந்தச் சோற்றைக் கொடுக்கிறவன்தான் என் மகளின் மூச்சை எடுக்கிறான் என்று தெரிந்துகொண்டே, அவன் கொடுத்ததை ஊமையாக உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.

சைக்கிளைத் திருப்பினேன். சீர்காழி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பிச்சை கேட்டுப் பழக்கமில்லாதவனுக்கு முதல் வார்த்தை எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. டீக்கடை வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்ற ஒருவரிடம் போனேன்.

"சார், புள்ளைய ஆஸ்பத்திரில சேத்துகீது. மெட்ராஸ் போவணும். பஸ்ஸுக்கு காசு இல்ல."

என் பேச்சைக் கேட்டதும் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா, கீதாம். காவியக் கட்டிக்கிட்டு வந்துர்றானுங்க, டாஸ்மாக் தொறக்கற நேரத்துக்குக் கரெக்டா."

"என் வாய மோந்து பாரு" என்றேன். அவர் பின்வாங்கினார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அந்தக் கோபம்தான் என்னைக் காப்பாற்றியது. சைக்கிளை ஸ்டாண்டில் விட்டேன். ஸ்டாண்டுக்காரரிடம், காசு இல்லை, வந்து எடுக்கும்போது தருகிறேன், வைத்திருப்பீர்களா என்று கேட்டேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "போய்யா, போய்ப் புள்ளையப் பாரு" என்றார். சென்னை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி நின்று, கண்டக்டரிடம் இல்லை, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். என் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, என்னிடம் பணம் இல்லை, யாராவது டிக்கெட் எடுங்கள்.

கொஞ்ச நேரம் எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். பிறகு பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா, "எடுங்கப்பா அந்த ஆளுக்கு, என்னமோ பாத்துக்கிட்டிருக்கீங்க" என்று அதட்டினார். நோட்டும் சில்லறையும் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்து, "உக்காருங்க, படிக்கட்டுல நிக்காதீங்க" என்றார். யாரும் போன் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மகள் ஆக்சிஜன் மாஸ்க்கோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விலாவில் குழி இன்னும் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் முன்னளவுக்கு இல்லை. என் காவி வேட்டியில் செயின் மசகைப் பார்த்துவிட்டு மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தாள். என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வீடு எங்கே என்று கேட்டார், சொன்னேன். "முடிஞ்சா வீட்ட மாத்திக்கங்க" என்றார். அந்த வரிசையில் நாலு கட்டில், நாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். நாலு வீட்டுக்கும் அதையேதான் சொன்னார். எங்கே மாற்றுவது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்றாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் என் மனைவி பேசினாள்.

"மாதா மனசு எளகிட்டா. உன்னால இல்ல."

"நான் தண்ணி கேட்டதால புள்ளைக்கு வரல. அந்த கம்பெனிக்காரன பன்னண்டு வருஷமா ஒரு வார்த்த கேக்காததாலதான் வந்துச்சு. திங்கக்கெழம போய் கேக்கப்போறேன்."

"கேட்டா வேல பூடும்."

"போனா போவட்டும்."

திங்கட்கிழமை காலை ஷிப்ட் உள்ளே போகிற நேரத்தில் கம்பெனி கேட்டுக்குப் போனேன். மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டு ஓரமாக இழுத்தார். "இன்னா மாமு, வேலைக்கு வந்தியா, வம்புக்கு வந்தியா?" அன்றைக்கு மத்தியானம் எதைத் திறந்துவிட்டீர்கள், அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள், உள்ளே போய்க் கேட்டு வாருங்கள் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, போ, போ என்று தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. என் மனைவி. கேட்டால் வேலை போய்விடும் என்றவள். பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் வார்டில் பார்த்த இரண்டு பெண்களும் அவளோடு. ஆஸ்பத்திரிச் சீட்டை செக்யூரிட்டியின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இன்னா வுட்டீங்க அன்னிக்கு? சொல்லு."

"மேடம், எழுதிக் குடுங்க. உள்ள குடுத்துடறோம்."

"எழுதிக் குடுத்தா மூச்சு வந்துடுமா எம்புள்ளைக்கு? உள்ள கீறவன வெளிய வரச்சொல்லு. அவன் மூஞ்சப் பாத்து கேக்கணும் நான்."

யாரும் வெளியே வரவில்லை. வெயில் ஏறும் வரை நின்றோம். மறுநாள் என் பேரை மேஸ்திரி ஆள்பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார். இப்போது கொருக்குப்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குக் கிரில் பெயின்ட் அடிக்கிறேன். வேலை இருக்கிற நாள் இருக்கும்.

அன்று கேட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று அவளே முந்திக்கொண்டாள். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சீர்காழிலருந்து பாக்கி தூரம் நீ இன்னும் மாதாவுக்கு போவணும்."

"போறேன். சைக்கிள் அங்கதான கீது. பாக்கெட்டுல காசு வெச்சுகினு போவேன். பசிச்சா கேட்டு சாப்டுவேன்."

"அது செல்லாது."

"மாதா கிட்ட நான் பேசிக்கறேன்."

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமையும் போனோம், பதினோரு பேர். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே பெரிய கேட்டைச் சாத்திவிட்டார்கள். நான் கையால் தட்டினேன். இரும்பு, உள்ளே கேட்டிருக்காது. என் மனைவி காலிலிருந்த செருப்பைக் கழற்றி அதால் தட்டத் தொடங்கினாள்.